கடன் வாங்கிய வேகம்

மரக்காணத்தில் காற்றை மறிக்க எதுவும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பக்கமிருந்து வரும்போது, ஊரை நெருங்க நெருங்கத் தோப்புகள் விலகி உப்பளங்கள் விரிகின்றன. பாத்திக்குப் பாத்தி கணுக்கால் உயரத்தில் ஒரு வரப்பு, வாரிக் குவித்த உப்பு அம்பாரங்கள், அவற்றை மூடிய ஓலை, தூரத்தில் சில பனைகள். மேடு என்று சொல்ல அவ்வளவுதான். ஆந்திரக் கரையிலிருந்து கடலை ஒட்டியே இறங்கிவரும் பக்கிங்காம் கால்வாய் இங்கேதான் முடிகிறது. அதற்கப்பால் கழுவெளி என்னும் பரந்த சதுப்பு. 2021 டிசம்பரில் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். கடலிலிருந்து வரும் காற்றும் திண்டிவனம் பக்கமிருந்து வரும் காற்றும் இந்தத் தரையைத் தட்டுத்தடை இல்லாமல் கடந்து போகின்றன.

காற்றை நம்பிப் பிழைக்கிற ஊர் இது. மழைக்காலத்தில் மூழ்கிக் கிடந்த பாத்திகளைத் தை பிறந்ததும் செப்பனிடுகிறார்கள். சேற்றை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தி உவர்நீர் பாய்ச்சுகிறார்கள். கடல்நீரை, உப்புச் செறிவைக் காட்டும் போமே மானியில் அளந்தால் 3 பாகைக்குச் சற்று மேலே காட்டும். பாத்தி மாற்றிப் பாத்தி மாற்றி வற்றவைத்து அதை 25 பாகைக்குக் கொண்டுவந்தால்தான் உப்பு படியத் தொடங்கும். அந்த வேலை முழுவதையும் செய்வது வெயில் என்றுதான் வெளியாட்கள் நினைப்போம்.

ஒரு சித்திரைக் காலையில், வாருபலகையை வரப்பில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவரிடம் இதைக் கேட்டேன். “வெயில் பாதி, காத்து பாதி சார்” என்றார். “காத்து ஒரே சீரா அடிச்சா எவ்ளோ அடிச்சாலும் எங்களுக்குக் கவலையில்ல. விட்டு விட்டு அடிக்கிற காத்துதான் ஆவாது. ஏடு படிஞ்சு வர்ற நேரத்துல குபீர்னு ஒண்ணு அடிக்கும், அப்புறம் அப்படியே நின்னுடும். எல்லாம் கலங்கிப் போயிடும்.” பாத்தியின் ஓரத்தைக் காட்டினார். நீரின் மேல் மெல்லிய வெள்ளைத் தகடு ஒன்று படிந்திருந்தது; விரல் நகத்தைவிட மெல்லியது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தென்கிழக்கிலிருந்து ஒரு வீச்சு வந்தது. தகடு நடுவில் விரிசல் விட்டுத் துண்டு துண்டாகி, ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒவ்வொன்றாக அமிழ்ந்தது. அவர் பலகையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

சிறிய விமானங்களை ஓட்டுகிறவர்கள் காற்றைப் பற்றிச் சொல்கிற புகாரும் இதேதான். பலத்த காற்று என்று அவர்கள் அஞ்சுவது குறைவு. சீராக வீசும் காற்று எவ்வளவு பலமானாலும் அதற்குக் கணக்கு உண்டு. பதினைந்து நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்தில் வீசிக்கொண்டிருந்து, திடீரென்று இருபத்தைந்துக்கு ஏறி, மறுநொடியே பதினைந்துக்கு இறங்குகிற காற்றுதான் ஆளைக் கொல்கிறது. அதுவும் வானத்தில் உயரே இருக்கும்போது அவ்வளவாக இல்லை. சக்கரம் தரையை விட்டு எழுகிற அந்தச் சில நொடிகளில்தான்.

விமானம் பிறந்ததே இப்படியொரு கரையில்தான். கதை அதற்குச் சற்று முன்னால் தொடங்குகிறது. ஓட்டோ லிலியன்தால் என்ற ஜெர்மானியர், தானே கட்டிய இறக்கைகளை மாட்டிக்கொண்டு குன்றுகளிலிருந்து ஆயிரக்கணக்கான முறை மிதந்து இறங்கியவர். 1896 ஆகஸ்ட் 9 அன்று நடுவானில் அவருடைய இறக்கை தூக்கும் சக்தியை இழக்க, ஐம்பதடி உயரத்திலிருந்து விழுந்து, முதுகெலும்பு முறிந்து, மறுநாள் இறந்துபோனார். அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் ஒஹாயோவில் சைக்கிள் கடை நடத்திவந்த ரைட் சகோதரர்கள் இந்தக் காரியத்தில் முழு மனதோடு இறங்கினார்கள். லிலியன்தாலின் சாவிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட பாடம் தெளிவானது: முதலில் வேண்டியது இஞ்சின் அல்ல, காற்று புரளும்போது இறக்கையைக் கையாளும் வழி. இறக்கையின் நுனியை முறுக்கிச் சமநிலையை மீட்கும் அவர்களுடைய உபாயம் அங்கிருந்து வந்ததே.

அதைப் பழகிப் பார்க்கக் காற்று வேண்டும். வானிலைத் துறையின் பதிவுகளைப் புரட்டி, 1900ஆம் ஆண்டு வட கரோலினாக் கரையிலுள்ள கிட்டி ஹாக் நிலையத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அங்கே பொறுப்பில் இருந்த ஜோசப் டோஷர் பதில் போட்டார்: கரை அகலமானது, மரமில்லாதது, காற்று உண்டு, ஆனால் தங்க வீடு கிடைக்காது, கூடாரம் கொண்டுவர வேண்டும். இந்த விவரங்களைப் படிக்கும்போது எனக்கு மரக்காணம்தான் கண்ணுக்குள் வருகிறது. மணல், கடல், மீனவக் குடும்பங்கள், மரமற்ற வெளி, நிற்காத காற்று.

1903 டிசம்பர் 14 அன்று காற்று போதவில்லை. ஆகவே மணல் குன்றின் சரிவில் தண்டவாளம் போட்டார்கள். நாணயம் சுண்டியதில் முதல் முறை மூத்தவர் வில்பருக்கு வந்தது. சரிவில் ஓடி எழுந்த விமானத்தின் மூக்கை அவர் அளவுக்கு மீறித் தூக்கிவிட்டார். அது ஏறியது, வேகம் இழந்தது, தூக்கும் சக்தி போய் மணலில் சரிந்தது. மொத்தம் மூன்றரை நொடி. உலகின் முதல் இஞ்சின் விமானத்தின் முதல் முயற்சியே புறப்பாட்டில் நிலைதவறிய விபத்தாகத்தான் முடிந்தது. பள்ளிக்கூடப் பாடங்களில் இது இருப்பதில்லை.

பழுதுபார்த்து, மூன்று நாள் கழித்து, 17ஆம் தேதி காலை மறுபடி இறங்கினார்கள். அன்று காற்று மணிக்கு 20 மைலிலிருந்து 27 மைல் வரை. இளையவர் ஆர்வில் படுத்தபடி ஓட்ட, வில்பர் வலது இறக்கையைப் பிடித்துக்கொண்டே கூட ஓடினார். ஓட முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 12 நொடியில் 120 அடி. கணக்குப் போட்டால் தரையைப் பொறுத்து அந்த விமானத்தின் வேகம் மணிக்கு ஏழு மைல்கூட இல்லை. ஆனால் இறக்கையின் மேல் ஓடிய காற்றின் வேகம் முப்பதுக்கு மேல். மீதி முழுவதும் எதிர்க்காற்று கொடுத்தது. உலகமே கொண்டாடும் அந்தப் பறப்பில் விமானத்தின் சொந்தச் சம்பாத்தியம் ஏழு. கடன் இருபதுக்கு மேல்.

அன்று நான்கு முறை பறந்தார்கள். கடைசியாக வில்பர் 59 நொடியில் 852 அடி போனார். இறங்கிய விமானத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது பலமாக ஒரு வீச்சு வந்து அதைப் புரட்டியது. முதல் பறப்பைப் படமெடுத்திருந்த ஜான் டேனியல்ஸ் என்ற கரைக்காவலர் தாவிப் பிடித்தார். விமானம் அவரையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போனது. அவர் சிராய்ப்புகளோடு தப்பினார். விமானம் உடைந்துபோய் அதற்குப் பிறகு ஒருபோதும் பறக்கவில்லை. காலையில் கொடுத்த காற்று நண்பகலில் வட்டியோடு வாங்கிக்கொண்டது.

கடன் என்கிற இந்தக் கணக்கு இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. உலகெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் ஓடுகிற செஸ்னா 172ஐ எடுத்துக்கொள்வோம். அதன் புதிய வகைகளில் 55 நாட் வேகத்தில் மூக்கைத் தூக்கச் சொல்கிறார்கள். 48 நாட்டுக்குக் கீழே போனால், இறக்கையின் பின்மடிப்புகளை (ஃபிளாப்) இறக்காத நிலையில் அது விமானத்தைத் தாங்காது. இடையில் இருப்பது ஏழு நாட் மட்டும். இப்போது எதிர்க்காற்று 15 நாட், அவ்வப்போது 25 வரை வீச்சு என்று வைத்துக்கொள்வோம். ஓடுபாதையில் விரைந்துகொண்டிருக்கும் விமானத்தின் மேல் ஒரு வீச்சு மோதும் நொடியில் வேகமானி 55 காட்டும். தரையைப் பொறுத்து அது 30 நாட்தான் ஓடுகிறது. மாணவர் கண்ணில் படுவது 55. கட்டுப்பாட்டுக் கோலை இழுக்கிறார்; அல்லது அவர் இழுக்காமலே விமானம் தானாக எழுந்துவிடுகிறது. அப்போது வீச்சு ஓய்கிறது. வேகமானி 45க்கு விழுகிறது. இறக்கையின் தூக்கும் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் குறைந்தாலே சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தரைக்கு ஐந்தடி, பத்தடி உயரத்தில், மூக்கு வானத்தைப் பார்த்தபடி, தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் விமானம் நிற்கிறது.

கனரக விமானங்களுக்கு ஏன் இது இவ்வளவு கடுமையாக இல்லை? அவற்றின் புறப்பாட்டு வேகம் 140 நாட் அளவில். பத்து நாட் ஏறி இறங்கினால் அவற்றுக்கு அது பதினான்கில் ஒரு பங்கு. சிறியதற்கு ஐந்தில் ஒரு பங்கை நெருங்குகிறது. இன்னொன்று, இறக்கை சுமக்கிற பாரம். நிறைந்த பாரத்தோடு ஒரு செஸ்னா 172 தன் இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமப்பது 70 கிலோ போல. ஏர்பஸ் 320 சுமப்பது 600 கிலோவுக்குக் குறையாது. பாரம் குறைந்த இறக்கையைக் காற்று எளிதாகத் தூக்கும். எளிதாகக் கைவிடவும் செய்யும்.

இதுவரை சொன்னது நேர் எதிரே வரும் காற்று. உண்மையில் காற்று அப்படி ஒழுங்காக வருவதில்லை, பக்கவாட்டில் வருகிறது. அப்போது சங்கடங்கள் கூடுகின்றன. பின்னால் நிமிர்ந்து நிற்கும் வால் துடுப்பைக் காற்று தள்ள, மூக்கு காற்று வரும் பக்கம் திரும்பப் பார்க்கும். காற்றுப் பக்கத்து இறக்கை தூக்கிக்கொள்ளும். ஒற்றை இஞ்சின் முழு விசையில் சுழலும்போது விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். காற்றும் இடப்பக்கமிருந்தே வந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். ஆகவே இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகையான ஏலிரானைக் காற்றுப் பக்கம் திருப்பி அந்த இறக்கையை அமுக்க வேண்டும். காலால் எதிர்ப்பக்கச் சுக்கானை மிதிக்க வேண்டும். வேகம் ஏற ஏற இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். வீச்சுக் காற்றில் அந்தக் ‘கொஞ்சம் கொஞ்சமாக’ என்பது செல்லாது. ஒரு நொடிக்குப் போதுமான மிதி மறுநொடிக்கு அதிகம்.

முன்சக்கர விமானங்களுக்கு இதில் ஓர் இரக்கம் உண்டு. எடையின் மையம் பிரதான சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால், சற்றே திரும்பினாலும் தரையில் தானாக நேராகிக்கொள்ளும். வால்சக்கர விமானத்தில் எடை சக்கரத்துக்குப் பின்னால். ஒரு முறை திரும்பத் தொடங்கினால் அந்தத் திரும்பலே அதை இன்னும் திருப்பும். பிடிக்கத் தவறினால் விமானம் தன்னைத்தானே சுற்றி, இறக்கை நுனி தரையைக் கிழித்து நிற்கும்.

நம் நாட்டின் ஒரு தலைமுறை விமானிகள் அப்படியொரு விமானத்தில்தான் பழகினார்கள். பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில் வி.எம். காட்கே தலைமையில் உருவான புஷ்பக், 1958 செப்டம்பர் 28 அன்று முதலில் பறந்தது. இரண்டு பேர் அருகருகே உட்காரலாம். 90 குதிரைச் சக்தி. ஆள், எரிபொருள் எல்லாம் சேர்த்து 600 கிலோவுக்குச் சற்று மேல். இறக்கைக்குத் துணிப் போர்வை. 150க்கும் மேல் கட்டி நாட்டின் ஃப்ளையிங் கிளப்புகளுக்குக் கொடுத்தார்கள். இவ்வளவு லேசான ஒன்றை, துணி போர்த்திய நீண்ட இறக்கையோடு, வால்சக்கரத்தோடு, தென்மேற்குப் பருவக்காற்றில் ஓடுபாதையில் நேராக வைத்துக்கொள்ளக் கற்றவர்களின் கால்களை நான் மனத்துக்குள் வணங்குகிறேன். நம்முடைய பயணிகள் விமானங்களைப் பின்னாளில் ஓட்டிய பலருக்குக் காற்றைக் காலால் உணரக் கற்றுக்கொடுத்தது அந்த விமானம்.

அதற்கும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே சென்னையில் ஒருவர் இந்தக் காற்றோடு மல்லுக்கு நின்றிருக்கிறார். மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், சிம்சன் கம்பெனியில் தன் வடிவமைப்பில் ஓர் இரட்டை இறக்கை விமானம் கட்டச் செய்து, 1910இல் பல்லாவரத்தில் சோதித்து, பிறகு தீவுத்திடலில் கட்டணம் வைத்து மக்களுக்குப் பறந்து காட்டினார் என்று சென்னையின் வரலாற்றை எழுதிய எஸ். முத்தையா பதிவு செய்திருக்கிறார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு ஆண்டுகூட ஆகாத காலம். பயிற்சிப் பள்ளி இல்லை, கையேடு இல்லை. கூவத்துக்கும் கடலுக்கும் இடையிலிருக்கும் அந்தத் திடலில் மதியத்துக்கு மேல் கடற்காற்று எப்படி இறங்கும் என்பது சென்னைவாசி எவருக்கும் தெரியும். அவர் எந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தார், எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று அறிய எனக்கு மிகுந்த ஆசை.

விபத்து அறிக்கைகளில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வரும்: புறப்படும்போது விமானி கட்டுப்பாட்டை இழந்தார். இதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. தரையில் ஓடும்போது விமானத்தை நேராக வைப்பது சக்கரமும் பிரேக்கும். வானத்தில் வைப்பது இறக்கையும் வாலும். நடுவிலுள்ள சில நொடிகளில் சக்கரத்தின் பிடி தளர்ந்துவிட்டது. இறக்கையின் பிடி இன்னும் இறுகவில்லை. ஏலிரானும் சுக்கானும் அசைகின்றன, ஆனால் அவற்றின் மேல் ஓடும் காற்று அவற்றுக்கு வலுக் கொடுக்கப் போதவில்லை. கட்டுப்பாடு என்பது அங்கே இன்னும் கைக்கே வந்து சேரவில்லை. கைக்கு வராததை யாரும் இழக்க முடியாது. சொந்த வேகம் சேர்வதற்கு முன்பே வீச்சு விமானத்தைத் தூக்கிவிட்டது என்பதுதான் நடந்தது. தவறு, கட்டுப்பாடு போன நொடிக்கு முன்னால் எங்கோ இருக்கிறது: எப்போது எழுவது என்ற முடிவில், அல்லது இன்று புறப்படலாமா என்ற முடிவில்.

ஆகவேதான் வீச்சுக் காற்றில் புறப்படுகிறவர்களுக்கு மூத்த பயிற்றுநர்கள் சொல்வது, அதிக நேரம் தரையிலேயே வைத்திரு என்பது. வீச்சின் ஏற்றத்தில் பாதியை எழும் வேகத்தோடு கூட்டிக்கொள்வது வழக்கம். மேலே சொன்ன காற்றில் 55க்குப் பதிலாக 60. விமானம் முன்னதாகவே எழத் துடிக்கும். கோலை முன்னால் அமுக்கி, சக்கரத்தைத் தரையோடு வைத்து, வேகம் உண்மையாகவே சேரும் வரை விடக்கூடாது. பிறகு ஒரே சீராக, தயங்காமல் எழ வேண்டும். எழுந்து மறுபடி தரையில் பட்டால் அதற்குள் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். பக்கவாட்டில் உராய்ந்து இறங்குவதற்காக அந்தச் சக்கரங்கள் செய்யப்படவில்லை.

அப்படியும் பிசகினால்? கை என்ன செய்யும் என்பதில்தான் உயிர் இருக்கிறது. விமானம் அமிழ்கிறது, தரை நெருங்குகிறது; மனித உடம்பு முழுவதும் கோலைப் பின்னால் இழு என்று கத்தும். இழுத்தால் இறக்கையின் கோணம் இன்னும் கூடி, மிஞ்சியிருக்கும் தூக்கும் சக்தியும் போகும். ஓர் இறக்கை சரிகிறது. கை தன்னையறியாமல் கோலை எதிர்ப்பக்கம் திருப்பும். சரிந்த இறக்கையின் ஏலிரான் கீழிறங்க, ஏற்கெனவே திணறும் அந்த இறக்கையின் கோணம் மேலும் கூடி அது முற்றாகக் கைவிடும். விமானம் அந்தப் பக்கமாகவே புரளும். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்: விழுந்துகொண்டிருக்கும்போதே மூக்கைத் தாழ்த்துவது, சரிந்த இறக்கையைக் காலால், சுக்கானால் நிறுத்துவது. பத்தடி உயரத்தில் தரையை நோக்கி மூக்கைத் தாழ்த்த ஒருவரால் முடிகிறது என்றால், அது அறிவால் முடிகிற காரியம் அல்ல. நூறு தடவை உயரத்தில் பழகிப் பழகி உடம்பின் கூச்சலை உடம்பாலேயே அடக்கிய பிறகு வருவது.

அந்தப் பழக்கத்துக்கு விலை உண்டு. நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். மணி ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம். மொத்தம் பல லட்சம். நிலத்தை விற்றும், வங்கியில் அடகு வைத்தும் பிள்ளைகளை அனுப்புகிற குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். கடன் தலைக்கு மேல் நிற்கும்போது, காற்று சரியில்லை, இன்று வேண்டாம் என்று ஓடுபாதை முனையிலிருந்து திரும்பி வர ஓர் இருபது வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு மன உறுதி வேண்டும்! பதிவேட்டில் அந்தத் திரும்பலுக்கு ஒரு நிமிடம்கூடச் சேராது. அப்படித் திரும்புகிற மாணவரைத் தட்டிக்கொடுக்கிற பள்ளி நல்ல பள்ளி. பறக்காத நாளைக்கும் மதிப்பெண் உண்டு என்று யாராவது ஒரு விதி செய்தால் நான் அதை மனதார ஆதரிப்பேன்.

திரும்புவதன் மதிப்பை இந்தக் கரை அண்மையில் கண்ணாரக் கண்டது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 70, 80 கிலோமீட்டர் காற்று, வீச்சு 90 வரை. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மரக்காணத்து உப்பளங்கள் இருந்த இடம் தெரியாமல் வெள்ளத்துக்கு அடியில் போயின. அன்று பகலில் சென்னை விமான நிலையத்தில் இறங்க வந்த ஓர் இண்டிகோ ஏர்பஸ்ஸை நாடே காணொளியில் பார்த்தது. நனைந்த ஓடுபாதைக்கு மேலே, சக்கரம் தரையைத் தொடப்போகிற நொடியில் காற்று அதை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது, இறக்கை தாழ்கிறது, விமானி இறங்குவதைக் கைவிட்டு இஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மேலேறிப் போய்விடுகிறார். சமூக ஊடகங்களில் பலர் அதை ஒரு பெரிய தடுமாற்றம் என்று பகிர்ந்தார்கள். நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கைவிடும் முடிவு எவ்வளவு விரைவாக வருகிறது என்பதே என்னை அசைத்தது. ஏர்பஸ்ஸுக்கு அந்த விசை இருந்தது. நூற்றெண்பது குதிரைச் சக்தியோடு, நாற்பத்தைந்து நாட் வேகத்தில் தொங்குகிற சிறிய விமானத்துக்கு மேலேறிப் போகிற வழி கிடையாது. அது எடுக்கக்கூடிய ஒரே முடிவு, எழுவதற்கு முன்னால் எடுப்பது.

இனி மரக்காணத்துக்கே உரிய ஒரு விஷயம். 2021 செப்டம்பர் 9 அன்று ராஜஸ்தானின் பார்மர் அருகே தேசிய நெடுஞ்சாலையில் விமானப்படையின் அவசர இறங்குதளம் திறந்துவைக்கப்பட்டது. பாதுகாப்பு அமைச்சரும் நெடுஞ்சாலை அமைச்சரும் ஹெர்குலிஸ் விமானத்தில் வந்து சாலையிலேயே இறங்கினார்கள். அதே போல இறங்குதளங்கள் அமைக்கவென்று அரசு சொன்ன சாலைகளின் பட்டியலில், மரக்காணம் வழியே போகும் சென்னை–புதுச்சேரிச் சாலையும் இருந்தது.

சாலை ஓடுபாதையாவது நல்லதுதான். வெள்ளக் காலத்தில் உணவும் மருந்தும் வந்திறங்கும். ஆனால் ஓடுபாதைக்கும் சாலைக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஓடுபாதை போடுகிறவர்கள் முதலில் பார்ப்பது காற்றை. எந்தத் திசையிலிருந்து, ஆண்டில் எத்தனை நாள், எவ்வளவு வேகத்தில் காற்று வருகிறது என்று வட்ட வரைபடம் போட்டு, அதற்கு முகம் கொடுக்கும்படி கோடு இழுப்பார்கள். சென்னை மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுபாதையும் புதுச்சேரி இலாசுப்பேட்டை ஓடுபாதையும் ஒரே எண்ணைத் தாங்கியிருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை: இரண்டும் 07–25. ஒரு முனை கிழக்கைச் சற்றே வடக்காகவும், மறுமுனை மேற்கைச் சற்றே தெற்காகவும் பார்க்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஏறக்குறைய நேராக வந்து முகத்தில் விழும். சாலை அப்படிப் பிறப்பதில்லை. அது ஊர்களை இணைக்கப் பிறந்தது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலை கரையோடு இணையாக, வடகிழக்குச் சாயலான வடக்கிலிருந்து தென்மேற்குச் சாயலான தெற்குக்கு இறங்குகிறது. கடற்காற்று எப்போதும் கரைக்குக் குறுக்கே வருவது. கரைக்கு இணையான எந்தப் பாதைக்கும் அது பக்கவாட்டுக் காற்றுதான்.

பங்குனி, சித்திரையில் அது முற்பகலிலேயே இறங்கிவிடும். ஆனி, ஆடியில் மேல்காற்று வலுவாக இருப்பதால் பிற்பகல் வரை கடலிலேயே தேங்கி நின்று, பிறகு வரும். வரும்போது ஒழுங்காக வருவதில்லை. மேற்கேயிருந்து அடித்துக்கொண்டிருந்த வெப்பக்காற்று சட்டென்று ஓய்ந்து, சில நிமிடங்கள் முன்னும் பின்னும் அலைந்து, தென்கிழக்கிலிருந்து குளிர்ந்த காற்று ஒரே மூச்சாகப் புகும். அந்தச் சில நிமிடங்களில் எந்தக் கோலும் எந்தக் காலும் எதையும் நம்ப முடியாது. போர் விமானங்களும் பெரிய சரக்கு விமானங்களும் இருபது நாட் பக்கக் காற்றையும் தாங்கும். செஸ்னா 172க்கு உற்பத்தியாளர் சோதித்துக் காட்டிய அளவு 15 நாட். செஸ்னா 152க்கு 12. குட்டி விமானங்களுக்கான குறுகிய ஓடுபாதைகளில் பக்கக் காற்று 10 நாட்டைத் தாண்டும் நேரம் ஆண்டில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேசப் பரிந்துரை.

அந்தக் கணக்கைப் போடக் குறைந்தது ஐந்து ஆண்டுக் காற்றுப் பதிவு வேண்டும், ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது அளந்திருக்க வேண்டும் என்றும் அதே பரிந்துரை சொல்கிறது. சாலையில் விமானம் இறக்கும் திட்டம் இந்தக் கரையில் எங்கே வந்தாலும், தார் ஊற்றுவதற்கு முன்னால் அந்த ஐந்து ஆண்டுப் பதிவைத் தொடங்கிவிட வேண்டும். இலாசுப்பேட்டையிலும் மீனம்பாக்கத்திலும் எடுத்த அளவு இங்கே போதாது. இரண்டும் கரையிலிருந்து உள்ளே தள்ளி, கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் நடுவே இருப்பவை. உப்பள வெளியில், மனித உயரத்திலும் பத்து மீட்டர் உயரத்திலும், காற்றின் சராசரியை மட்டும் குறிக்காமல் ஒவ்வொரு வீச்சின் ஏற்ற இறக்கத்தையும் பதிவு செய்யும் கருவிகள் வேண்டும். கருவிகளை எங்கே நட்டால் சரியாக இருக்கும், எந்த மாதத்தில் எந்த மணிக்குக் காற்று திரும்பும் என்பதை வாருபலகையோடு நிற்கிறவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு தொடங்கலாம்.